கிரானைட்டின் கனிமங்களில் தாதுவின் தடயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரானைட் மாதிரிகளோடு ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களும், தாதுத் தேடலில் வேலை பார்க்கும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துப் பேசுவதால், வரிசையாகப் படித்தால் நல்லது.

கிரானைட்டுன்னா கட்டடக் கல்தானே, அதுக்கும் தாதுவுக்கும் என்ன சம்பந்தம்?

கிரானைட் என்பது பூமிக்கடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் மெல்ல ஆறி உறைந்த பாறைக்குழம்பு, அதாவது மாக்மா. அது உறையும்போது குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று படிகங்கள் விளைகின்றன. எல்லாத் தனிமங்களுக்கும் இந்தப் படிகங்களுக்குள் இடம் கிடைப்பதில்லை. அப்படி ஒதுங்கியவை மிச்சமிருக்கும் குழம்பில் சேர்ந்துகொண்டே போகும். தண்ணீர், குளோரின், லித்தியம், டங்ஸ்டன், சில சூழ்நிலைகளில் வெள்ளீயம் எல்லாம் இந்த வகை. கடைசிக் கட்டத்தில் குழம்பிலிருந்து சூடான உப்புநீர் பிரிந்து, உலோகங்களை அள்ளிக்கொண்டு விரிசல்கள் வழியே மேலேறுகிறது. அது ஆறும் இடத்தில், அல்லது வேறு வகைப் பாறையோடு வினைபுரியும் இடத்தில், உலோகம் தாதுக் கனிமமாகப் படிகிறது.

பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 30 கிராம் அளவில்தான் செம்பு இருக்கிறது. பெரிய திறந்தவெளிச் செம்புச் சுரங்கங்களில் வெட்டும் பாறையில் ஒரு டன்னுக்கு 5 கிலோ அளவில் இருக்கும். இந்த நூற்றைம்பது மடங்குக்கும் மேலான செறிவு எப்படி வந்தது, ஏன் பக்கத்துக் கிரானைட்டில் வரவில்லை என்பதுதான் மொத்த விஷயமும்.

கல்லை அரைச்சு மொத்தமா அனாலிசிஸ் பண்ணினா போதாதா? எதுக்கு ஒவ்வொரு கனிமமா பார்க்கணும்?

அரைத்த பொடி தருவது கூட்டுத்தொகை. முதலில் உறைந்த படிகம், கடைசியில் உறைந்த குழம்பு, பிறகு வந்த சுடுநீர் செய்த மாற்றம், மேற்பரப்பில் மழை செய்த மாற்றம் எல்லாம் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். சில இடங்களில் படிகங்கள் அடியில் தங்கி, குழம்பு பிழிந்து வெளியேறியிருக்கும். அந்தப் பாறையின் மொத்த வேதியியல் எந்த ஒரு தருணத்திலும் இருந்த மாக்மாவின் வேதியியல் ஆகாது.

நமக்கு மிகவும் வேண்டியவை கந்தகம், குளோரின், தண்ணீர். பாறை முழுவதும் உறைவதற்குள் பெரும்பாலும் வெளியேறிவிடுபவை இவைதான். ஆனால் ஆரம்பத்திலேயே விளைந்து வேறொரு படிகத்துக்குள் சிக்கிக்கொண்ட ஒரு அபடைட் (கால்சியம் பாஸ்பேட் கனிமம்) துகள், அன்று குழம்பில் இருந்த குளோரினையும் கந்தகத்தையும் தனக்குள் வைத்திருக்கும். பாறை இழந்ததைக் கனிமம் வைத்திருக்கிறது என்பதால்தான் இந்த மெனக்கெடல். மொத்த அனாலிசிஸ் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அது இல்லாமல் கனிம எண்களுக்குச் சூழல் கிடைக்காது.

செம்புக்கு ஒரு கிரானைட், வெள்ளீயத்துக்கு வேற கிரானைட்டுன்னு ஏன் பிரியுது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. மாக்மாவில் ஆக்சிஜன் எவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது என்பதே பெரும்பாலும் இதைத் தீர்மானிக்கிறது. ஆக்சிஜன் குறைவாக இருந்தால் கந்தகம் சல்ஃபைடாக இருக்கும். சல்ஃபைடு குழம்பில் அதிகம் கரையாது, சீக்கிரமே சிறு துளிகளாகப் பிரிந்துவிடும். செம்புக்கு அந்தத் துளிகள்மேல் அவ்வளவு பிரியம்: குழம்பில் இருப்பதைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு செறிவில் அவற்றுக்குள் போய்விடும். துளிகள் ஆழத்திலேயே தங்கிவிட்டால், மேலே வரும் மாக்மா செம்பைப் பறிகொடுத்த மாக்மா. ஆக்சிஜன் அதிகமாக இருந்தால் கந்தகம் சல்ஃபேட்டாக மாறும், சல்ஃபேட் பல மடங்கு அதிகமாகக் கரையும், செம்பு குழம்பிலேயே தங்கிக் கடைசி உப்புநீருக்குக் கிடைக்கும்.

வெள்ளீயத்தின் கதை தலைகீழ். ஆக்சிஜன் அதிகமானால் அது நான்கு மின்சுமை கொண்ட அயனியாகிறது. அந்த அயனி, டைட்டானியத்துக்கும் மூன்று மின்சுமை கொண்ட இரும்புக்கும் அளவில் நெருக்கமானது. அதனால் அவை இருக்க வேண்டிய இடத்தில், மேக்னடைட், டைட்டனைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களுக்குள், இது நுழைந்து பாறை முழுவதும் சிதறிப்போகிறது. ஆக்சிஜன் குறைவானால் இரண்டு மின்சுமையோடு, எந்தப் படிகத்திலும் பொருந்தாமல் குழம்பிலேயே மிஞ்சுகிறது. குழம்பில் பத்தில் ஒன்பது பங்கு உறைந்த பிறகும் படிகங்களுக்குள் போகாவிட்டால், 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4 பங்கு) வெள்ளீயம் 40 ஆகும். இங்கிலாந்தின் கார்ன்வால், ஜெர்மனி-செக் எல்லையிலுள்ள எர்ட்ஸ்கெபிர்கே, தாய்லாந்திலிருந்து மலேசியா வழியாக இந்தோனேசியாவின் பங்கா, பெலிதுங் தீவுகள் வரை நீளும் வெள்ளீய வரிசை ஆகிய இடங்களின் தாதுக் கிரானைட்டுகள் பெரும்பாலும் இப்படி ஆக்சிஜன் குறைந்தவை.

ஜப்பானிய அறிஞர் ஷுன்சோ இஷிஹாரா 1977-இல் கிரானைட்டுகளை மேக்னடைட் தொடர், இல்மனைட் தொடர் என்று பிரித்தது இதை ஒட்டித்தான். முதலாவதில் ஆக்சிஜன் அதிகம், காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடான மேக்னடைட் இருக்கும். இரண்டாவதில் ஆக்சிஜன் குறைவு.

அப்போ காந்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடலாமே?

ஓரளவு முடியும், களத்தில் நானும் அதைத்தான் முதலில் செய்வேன். காந்த ஏற்புத்திறன் மீட்டரில் 0.003 எஸ்ஐ அலகுக்கு மேல் வந்தால் மேக்னடைட் தொடர், கீழே இருந்தால் இல்மனைட் தொடர் என்பது வழக்கமான எல்லை. ஆனால் சுடுநீர் பட்டால் மேக்னடைட் ஹேமடைட்டாக மாறி, காந்தத்தன்மை போய்விடும். தாது இருக்கும் இடங்களில் சுடுநீர் நிச்சயம் வந்திருக்கும். நமக்கு வேண்டிய இடத்திலேயே கைவிடக்கூடிய சோதனை இது.

ஐ-டைப், எஸ்-டைப்னு படிச்சோமே, அதுவும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. சாப்பெல், வைட் இருவரும் 1974-இல் ஆஸ்திரேலியாவின் லாக்லன் பகுதியை வைத்துச் சொன்னது, மாக்மா எதிலிருந்து உருகியது என்பதைப் பற்றியது: ஐ என்றால் தீப்பாறை மூலம், எஸ் என்றால் படிவுப்பாறை மூலம். எஸ்-டைப் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்ததாக இருப்பது உண்மை, ஏனென்றால் வண்டல் பாறைகளில் கரிமம் இருக்கும். ஆனால் ஆக்சிஜன் குறைந்த ஐ-டைப் கிரானைட்டுகளும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் குழப்பம்தான் வரும்.

சரி, எந்தக் கனிமத்துல ஆரம்பிக்கிறது?

கேள்வியைப் பொறுத்தது. ஆக்சிஜன் நிலை, வயது, வெப்பநிலை வேண்டுமென்றால் சிர்கான் என்ற சிர்கோனியம் சிலிகேட் கனிமம். குளோரின், ஃப்ளூரின், கந்தகம் வேண்டுமென்றால் அபடைட். மாக்மா எவ்வளவு தூரம் முதிர்ந்தது, அதாவது எவ்வளவு படிகம் பிரிந்துபோன மிச்சக் குழம்பு அது என்று தெரிய வேண்டுமென்றால் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் மஸ்கோவைட் என்ற வெள்ளை மைக்காவும். பயோடைட் என்ற கருப்பு மைக்கா எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லும், ஆனால் எளிதில் மாறிவிடும்.

ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் சிர்கானைச் செய்யுங்கள். மற்றக் கனிமங்களை உருமாற்றிவிடும் சுடுநீரையும் வானிலையையும் அது பெரும்பாலும் தாங்கும், ஒரே துகளில் வயதும் வேதியியலும் கிடைக்கும்.

சிர்கான்ல சீரியம், யூரோப்பியம் ரெண்டையும் மட்டும் ஏன் இவ்வளவு பேசுறாங்க?

அரிய மண் தனிமங்கள் 15 பேர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாக்மாவில் எல்லோரும் மூன்று மின்சுமையோடு இருப்பார்கள், இந்த இருவர் மட்டும் மாறக்கூடியவர்கள். ஆக்சிஜன் கூடினால் சீரியத்தில் ஒரு பகுதி நான்கு மின்சுமைக்குப் போகும். சிர்கோனியத்துக்கும் நான்கு மின்சுமை என்பதால், அந்தச் சீரியம் சிர்கான் படிகத்துக்குள் சுலபமாக நுழைகிறது. இந்தத் தனிமங்களை வரிசையாக வைத்து வரைந்த வரைபடத்தில் லாந்தனத்துக்கும் பிராசியோடைமியத்துக்கும் நடுவில் சீரியம் மட்டும் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும்.

ஆக்சிஜன் குறைந்தால் யூரோப்பியம் இரண்டு மின்சுமைக்கு இறங்கும். அப்போது அது ஸ்ட்ரான்ஷியத்தின் அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடுவதால், பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் அதை விழுங்கிவிடும். பிறகு விளையும் சிர்கானில் யூரோப்பியத்தின் இடம் பள்ளமாகத் தெரியும். அண்டைத் தனிமங்களை வைத்து எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்ட விகிதமாக இதைச் சொல்வோம்: பள்ளம் இல்லையென்றால் மதிப்பு 1, ஆழமான பள்ளம் என்றால் 0.1 அல்லது அதற்கும் கீழே. சிலியின் சுகிகமாத்தா, எல் அப்ரா பகுதியில் 2002-இல் வெளியான ஆய்வில், செம்பு உள்ள ஊடுருவல்களின் (மேலேறி உறைந்த மாக்மா உடல்களின்) சிர்கான்களில் இது 0.4-க்கு மேலேயும், நான்கு மின்சுமைச் சீரியத்துக்கும் மூன்று மின்சுமைச் சீரியத்துக்கும் உள்ள விகிதம் 300-க்கு மேலேயும் இருந்தன. இந்தத் துறைக்கே அது ஒரு பெரிய திறப்பு.

யூரோப்பியம் 0.4 தாண்டிடுச்சு. செம்பு இருக்குன்னு ரிப்போர்ட்ல எழுதிடலாமா?

எழுதாதீர்கள். மேலே சொன்னபடி பள்ளத்தை உண்டாக்குவது பிளேஜியோகிளேஸ். மாக்மாவில் தண்ணீர் நிறைய இருந்தால் பிளேஜியோகிளேஸ் தாமதமாகத்தான் விளையும், ஹார்ன்பிளெண்ட் முந்திக்கொள்ளும். அப்போதும் பள்ளம் சிறியதாகத்தான் இருக்கும். ஆக, அந்த ஒரு எண்ணில் ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்தே பேசுகின்றன. இரண்டுமே செம்புக்கு நல்லவை என்பதால் அந்த எண் பயன்படுகிறது, ஆனால் எது எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சிர்கானுக்கு முன்பே டைட்டனைட் விளைந்திருந்தால், அது யூரோப்பியத்தை விட்டுவிட்டு அதன் இருபக்கத்து அண்டைத் தனிமங்களை அதிகமாக எடுத்துக்கொள்ளும். அண்டை வீடு இறங்கினால் நம் வீடு உயரமாகத் தெரியும் இல்லையா, அதுபோல யூரோப்பியம் செயற்கையாக உயர்ந்து தெரியும். தின் செக்‌ஷனில் (நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடியில் ஒட்டி மெலிதாகத் தேய்த்த பாறைச் சீவலில்) டைட்டனைட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் எண்ணைப் பேசுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் சிர்கான் சொல்வது மாக்மாவின் தகுதியை மட்டும். உப்புநீர் சரியான ஆழத்தில் பிரிந்ததா, ஓட விரிசல் இருந்ததா, உருவான தாது பின்னால் அரிக்கப்பட்டுவிட்டதா என்பதெல்லாம் சிர்கானுக்குத் தெரியாது. ‘செம்புக்குத் தகுதியுள்ள மாக்மா’ என்று எழுதலாம். ‘செம்பு இருக்கிறது’ என்று எழுத, துளை போட்டுப் பார்த்த பாறை வேண்டும்.

என் சிர்கான்ல லாந்தனம் நிறைய வருது, சீரியம் ஊசியே காணோம். மாக்மா ஆக்சிஜன் குறைஞ்சதா?

பெரும்பாலும் இல்லை. சுத்தமான சிர்கானில் லாந்தனம் வழக்கமாக 0.1 பிபிஎம்மைக்கூடத் தொடாது. அதிகமாக வந்தால் துகளைச் சுரண்டி அளக்கும் லேசர் வேறு எதையோ தொட்டுவிட்டது என்று அர்த்தம், வழக்கமான குற்றவாளி உள்ளே புதைந்திருக்கும் அபடைட் ஊசி. லேசர் ஓடும்போது வரும் சிக்னலை நொடி நொடியாகப் பாருங்கள். கால்சியமும் பாஸ்பரசும் லாந்தனமும் ஒரே நேரத்தில் மேடேறினால், அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீதியைக் கணக்கிடுங்கள்.

மற்றொரு காரணம், யுரேனியம் அதிகமுள்ள சிர்கான் தன் கதிர்வீச்சாலேயே சிதைந்துபோவது. சிதைந்த படிகத்துக்குள் சுடுநீர் புகுந்து கால்சியம், இரும்பு, லாந்தனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகும். முதிர்ந்த வெள்ளீயக் கிரானைட்டுகளில் இது சர்வ சாதாரணம். நான் லாந்தனம் 0.3 பிபிஎம் தாண்டிய புள்ளிகளை ஒதுக்கிவிடுவேன். கொஞ்சம் கறாரான எல்லைதான், ஆனாலும் அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. லாந்தனத்தை அளப்பதே இவ்வளவு சிக்கல் என்பதால், சீரியம், யுரேனியம், டைட்டானியம் மூன்றை மட்டும் வைத்து ஆக்சிஜன் நிலையைக் கணக்கிடும் முறை 2020-இல் வந்தது. இப்போது பலரும் அதற்கு மாறியிருக்கிறார்கள்.

‘முதிர்ந்த கிரானைட்’னு சொல்றீங்களே, அதை எதை வச்சு சொல்றது?

இரட்டையர்களை வைத்து. வேதியியலில் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் இரண்டு தனிமங்களின் விகிதம் சாதாரணமாக மாறாது. மாறினால் ஏதோ தீவிரமாக நடந்திருக்கிறது. சிர்கோனியம், ஹாஃப்னியம் விகிதம் பெரும்பாலான பாறைகளில் 35 முதல் 40 வரை. சிர்கான் படிகம் சிர்கோனியத்தை ஹாஃப்னியத்தைவிடச் சற்றே அதிகம் விரும்புவதால், சிர்கான் விளைந்து பிரியப் பிரிய மீதிக் குழம்பில் இந்த விகிதம் இறங்கிக்கொண்டே போகும். நியோபியம், டாண்டலம் விகிதமும் இறங்கும், ஆனால் அதற்கு மைக்காவும் கடைசிக் கட்டச் சுடுநீரும்கூடக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

மிக எளிதாகப் பார்க்கக்கூடியது பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரில் பொட்டாசியம், ருபீடியம் விகிதம். மேலோட்டுப் பாறைகளில் இது 250-ஐ ஒட்டி இருக்கும். லித்தியம், சீசியம், டாண்டலம் தரக்கூடிய பெக்மடைட்டுகளின் (கடைசிக் குழம்பு பெரிய படிகங்களாக உறைந்த பாறைகளின்) ஃபெல்ட்ஸ்பாரில் 30-க்குக் கீழே இறங்கிவிடும். ஃபெல்ட்ஸ்பார் எங்கும் கிடைக்கும், கையளவு படிகமாகவே கிடைக்கும். பெக்மடைட் தேடுபவர்கள் இந்த ஒரு விகிதத்தைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம்.

பயோடைட் தாராளமா கிடைக்குது. அதை மட்டும் செஞ்சா போதுமா?

முதலில் அது இன்னும் பயோடைட்தானா என்று பாருங்கள். நுண்ணோக்கியில் நல்ல பயோடைட் தேன் பழுப்பாக இருக்கும், மேடையைச் சுழற்றினால் வெளிர் மஞ்சளிலிருந்து கரும்பழுப்புக்கு மாறும். உள்ளே குட்டிச் சிர்கான் இருந்தால், அதைச் சுற்றிக் கதிர்வீச்சு எரித்த கருவளையம் தெரியும். இப்போது அதே ஏட்டின் ஓரத்தைக் கவனியுங்கள். பிளவுக் கோட்டை ஒட்டிப் பச்சை நிறம் இழை இழையாக உள்ளே நுழைந்திருக்கிறதா? அது குளோரைட், பயோடைட் சுடுநீரில் மாறி உண்டாகும் கனிமம். கண்ணுக்குத் தப்பினாலும் எண்ணுக்குத் தப்பாது: புதிய பயோடைட்டில் பொட்டாசியம் ஆக்சைடு 9 சதவீதம் அளவில் இருக்கும், 7 வந்தால் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள்.

பச்சை இல்லாவிட்டாலும் எச்சரிக்கை தேவை. பயோடைட்டில் ஃப்ளூரினும் குளோரினும் உட்காரும் இடங்கள் பாறை உறைந்த பிறகும் சுடுநீரோடு பண்டமாற்று செய்துகொண்டே இருக்கும். அதனால் அது பெரும்பாலும் மாக்மாவின் கடைசிக் கட்டத்தை, அல்லது அதற்குப் பிந்திய சுடுநீரைச் சொல்கிறது. மேலும், மக்னீசியம் அதிகமுள்ள பயோடைட் ஃப்ளூரினை விரும்பும், இரும்பு அதிகமுள்ளது குளோரினை விரும்பும். இந்த விருப்பத்தைக் கழிக்காமல் இரண்டு கிரானைட்டுகளின் ஃப்ளூரினை நேரடியாக ஒப்பிட்டால் தவறான முடிவுதான் வரும்.

அபடைட்ல குளோரின் ரொம்பக் குறைவு. மாக்மாவுல குளோரினே இல்லைன்னு அர்த்தமா?

நேர்மாறாகவும் இருக்கலாம். குளோரினுக்கு உப்புநீர்மேல் ஆசை, ஃப்ளூரினுக்குக் குழம்புமேல் ஆசை. உப்புநீர் பிரிந்த அந்தத் தருணத்தில் குளோரின் அதோடு கிளம்பிவிடும். அதற்குப் பிறகு விளைந்த அபடைட்டில் குளோரின் குறைவாகவும் ஃப்ளூரின் அதிகமாகவும் இருக்கும். ஆக, குறைந்த குளோரின் என்பது உலோகத்தைச் சுமந்த நீர் வெளியேறிவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இதைத் தீர்க்க ஒரே வழி, அபடைட் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்வது. ஹார்ன்பிளெண்ட்டுக்குள்ளோ பிளேஜியோகிளேஸின் நடுவிலோ சிக்கியது முந்தியது, குவார்ட்ஸ் இடைவெளியில் இருப்பது பிந்தியது. முந்தியதில் குளோரின் அதிகம், பிந்தியதில் குறைவு என்று வந்தால் அந்த இழப்பு நடந்ததைக் கண்ணால் பார்த்த மாதிரிதான். பாறையை நொறுக்கிப் பிரித்தெடுத்த அபடைட்டில் இந்தத் தகவல் காணாமல் போய்விடுகிறது. அதனால் அபடைட்டைத் தின் செக்‌ஷனிலேயே செய்யுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

எலெக்ட்ரான் மைக்ரோப்ரோபா, லேசரா? எதுக்கு எதை எடுக்கறது?

சுமார் 100 பிபிஎம்முக்கு மேல் இருப்பதை ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலத்தில் பார்க்க மைக்ரோப்ரோப், அதாவது எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி அளக்கும் கருவி. அதற்குக் கீழே இருப்பதைப் பார்க்க லேசர் ஐசிபி-எம்எஸ் (லேசர் சுரண்டியெடுத்த பொருளின் அணுக்களை நிறைவாரியாக எண்ணும் கருவி), ஆனால் அது 20 முதல் 40 மைக்ரான் அகலத்துக்குக் குழி தோண்டும். லேசருக்குத் தின் செக்‌ஷனை வழக்கமான 30 மைக்ரானைவிடத் தடிமனாகச் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியைத்தான் அளப்பீர்கள். அபடைட்டில் ஃப்ளூரினை மைக்ரோப்ரோபில் அளந்தால், கற்றை படப்பட ஃப்ளூரின் எண்ணிக்கை மாறும். கற்றை படிகத்தின் நீள அச்சு வழியே இறங்கும்போது இது மிக மோசம். கற்றையை விரித்து, நீள அச்சு தளத்தோடு படுத்திருக்கும் துகளாகத் தேர்ந்தெடுங்கள், ஃப்ளூரினையே முதலில் அளங்கள்.

ஓடை மணல்ல கிடைச்ச சிர்கானை வச்சு மேலே இருக்கிற கிரானைட்டைப் பத்திச் சொல்ல முடியுமா?

முடியும், மண்ணும் காடும் மூடிய இடங்களில் நல்ல வழி. ஆனால் மணலில் பல பாறைகளின் சிர்கான் கலந்திருக்கும். ஒவ்வொரு துகளுக்கும் வயதையும் சேர்த்து அளந்து, வயதுக் கூட்டமாகப் பிரித்த பிறகே வேதியியலைப் பாருங்கள். அபடைட்டையும் சேர்க்க ஆசை வரும், அமில மண்ணில் அது கரைந்துபோகும் என்பதை நினைவில் வையுங்கள்.

தாதுவும் அந்த கிரானைட்டும் ஒரே காலத்தைச் சேர்ந்ததுன்னு எப்படி உறுதி பண்றது?

தாதுவையே நேரடியாகக் காலம் கணிக்கலாம். வெள்ளீயத் தாதுவான காசிட்டரைட்டை யுரேனியம்-ஈயம் முறையில், மாலிப்டினம் தாதுவான மாலிப்டினைட்டை ரீனியம்-ஆஸ்மியம் முறையில். கிரானைட்டின் சிர்கான் வயதோடு பிழை எல்லைக்குள் ஒத்துப்போனால் உறவு இருக்க வாய்ப்பு அதிகம். ஒத்துப்போகாவிட்டால், கனிம வேதியியல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அந்தத் தாதுவின் கதை அல்ல.

ஒரே சிர்கான்ல நடுவுல ஒரு எண், ஓரத்துல வேற எண் வருது. எதை எடுத்துக்கறது?

கேத்தோடோலூமினெசென்ஸ் படம் (எலெக்ட்ரான் பட்டு ஒளிரும் துகளின் படம்) இல்லாமல் இதற்குப் பதிலே இல்லை. படத்தில் நல்ல மாக்மாச் சிர்கான் மரத்தின் வளையங்கள் போல மெல்லிய பட்டைகளாகத் தெரியும். நடுவில் வட்டமாகத் தேய்ந்த, பட்டைகள் வெளி வளையங்களோடு பொருந்தாமல் வெட்டுப்பட்ட ஒரு கரு இருந்தால், அது உருகாமல் மிஞ்சிய பழைய துகள். அதன் வயதும் வேறு, வேதியியலும் வேறு. எஸ்-டைப் கிரானைட்டில் இது மிகவும் சகஜம். அதை மூலப்பாறை பற்றிய தகவலாகத் தனியே வையுங்கள், மாக்மாவின் சராசரியில் சேர்க்காதீர்கள்.

கருவும் ஓரமும் ஒரே வயது, பட்டைகளும் தொடர்ச்சி என்றால் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சராசரி போடாதீர்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஹாஃப்னியம் ஏறி, டைட்டானியம் இறங்கினால் மாக்மா ஆறி முதிர்ந்திருக்கிறது. ஓரத்தில் திடீரென்று டைட்டானியம் ஏறி, ஹாஃப்னியம் இறங்கினால் புதிய சூடான மாக்மா உள்ளே வந்திருக்கலாம். ஒரு மாதிரிக்குக் குறைந்தது 25 துகளாவது இப்படிப் பார்த்துவிட்டு, எத்தனை துகளில் அதே ஏற்ற இறக்கம் வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டில் மட்டும் வந்தால் அவற்றின் படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் லேசர் குழி இரண்டு பட்டைகளின் மேல் பாதிப் பாதியாக விழுந்திருக்கும்.